என் காதுக்கு ஏற்ற குரல்

இந்தப் பக்கத்தைச் சிலர் கண்ணால் வாசிப்பீர்கள். சிலர் கைத்தொலைபேசியை வாசிக்கவிட்டுக் காதால் கேட்பீர்கள். "தமிழ் விளங்கும், கதைப்பேன், எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் பஞ்சி" என்று சொல்லும் தம்பி தங்கைகள் எங்கள் குடும்பங்களில் எத்தனையோ பேர். நானும் காதால் வாசிக்கிற ஆள்தான். ஆனால் என்னுடைய காரணம் வேறு.

பொறியியலில் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் இருப்பது தெரியவந்தது. பரம்பரையாக வருகிற நோய். பெரும்பாலும் முதலில் இரவுப் பார்வை குறையும். பிறகு பக்கப் பார்வை மெல்ல மெல்லச் சுருங்கும், ஒரு குழாய்க்குள்ளால் உலகத்தைப் பார்ப்பது போல. இப்போது எனக்கு முப்பதுகளின் நடுப்பகுதி. ஆட்களின் முகம் ஓரளவு தெரியும். ஆனால் நாள் முழுவதும் திரையைப் பார்த்து வேலை செய்ய என் கண்ணால் முடியாது. ரொறன்ரோவில் ஐ.டி. ஆலோசகராக வேலை செய்கிறேன். மின்னஞ்சல், ஒப்பந்தம், கோட் எல்லாமே எனக்குக் காது வழியாகத்தான் வருகின்றன.

அதற்கு உதவுவதுதான் ஸ்கிரீன் ரீடர். தமிழில் திரைவாசிப்பான் என்கிறார்கள். திரையில் இருப்பதையெல்லாம் குரலில் சொல்லும் மென்பொருள். ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக், விண்டோஸில் நரேட்டர். கணினியில் நான் பாவிப்பது என்விடிஏ. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, இன்னொரு பார்வையற்ற இளைஞர் ஜேம்ஸ் டேயோடு சேர்ந்து வளர்த்த இலவச மென்பொருள் அது. அதற்கு முன்பே 1989இல் வந்த ஜாஸ் என்ற மென்பொருளை உருவாக்கிய டெட் ஹென்டர், விபத்தொன்றில் பார்வையை இழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். இந்தக் கருவிகளைச் செய்தவர்களே அவற்றை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டும் இருந்தார்கள். அவற்றின் அமைப்புகளில் இத்தனை தெரிவுகள் இருப்பது அதனால்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

முதல் மாதங்களில் கணினி தானாகத் தந்த குரலையே கேட்டேன். இனிமையான பெண் குரல், நிதானமான வேகம். கேட்பவர்கள் எல்லோரும் "நல்ல குரல்" என்றார்கள். எனக்கோ பின்னேரம் நாலு மணிக்குத் தலையிடி வந்துவிடும். மற்றவர்கள் இருபது விநாடியில் கண்ணை ஓட்டிவிட்டு மூடும் மின்னஞ்சல் எனக்கு இரண்டு நிமிடம் எடுத்தது. நூறு மின்னஞ்சல் வருகிற நாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருநாள் என் மேலாளர் அன்பாகத்தான் கேட்டார், வாசிப்புக் குறைந்த வேலை ஒன்று தரட்டுமா என்று. இன்றைக்கு வேலையைக் குறைத்தால் நாளைக்கு வேலையே இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆறு கிழமை பொறுங்கள் என்றேன்.

அந்த ஆறு கிழமையில் எனக்குக் கைகொடுத்தது, வேறொரு பிரிவில் இருந்த, என்னை விட இருபது வயது மூத்த பார்வையற்ற நிரலாளர் ஒருவர். அவருடைய கணினி பேசுவதை முதல்முறை கேட்டபோது அது என்ன மொழி என்று கேட்டேன். ஆங்கிலம்தான். அவ்வளவு வேகம். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: குரல் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதே, பத்து நிமிடம் கழித்துக் குரல் மறந்துபோய் விஷயம் மட்டும் நிற்கிறதா என்று பார்.

முதலில் குரலை மாற்றினோம். மனிதர் போலப் பேசும் குரலை எடுத்துவிட்டு ரோபோ போன்ற ஒரு குரலை வைத்தார். ஏன் என்று விளக்கம் தேவைப்பட்டது. பதிவு செய்த மனிதக் குரலிலிருந்து உருவாகும் பேச்சை மிக வேகமாக ஓட்டினால் மெய்யெழுத்துகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிடலாம். முழுக்க முழுக்க விதிகளை வைத்து ஒலியை உருவாக்கும் குரல் அப்படி இல்லை. ஒரு சொல்லை நூறு தடவை சொன்னாலும் ஒரே மாதிரித்தான் சொல்லும், அதனால் காது பழகிவிடும். விசையைத் தட்டிய உடனேயே பேசவும் தொடங்கும். 1984இல் வந்த டெக்டாக் இந்த வகைதான். ஸ்டீபன் ஹாக்கிங்கின் குரலாக உலகம் அறிந்த குரலும், டெக்டாக்குக்கு அடிப்படையான டென்னிஸ் கிளாட்டின் ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். எலோக்வென்ஸ் என்ற இன்னொரு பழைய ரோபோக் குரலைப் பார்வையற்றவர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, 2022இல் ஐஓஎஸ் 16உடன் ஆப்பிள் அதை ஐபோனுக்குள் கொண்டுவந்தது. புதுக் குரல்கள் எத்தனையோ வந்த பிறகும் பழையதைத் தேடினார்கள் என்றால், அதில் ஒரு வசதி இருக்கத்தானே வேண்டும்?

இரண்டாவது வேகம். ஆங்கிலத்தில் சாதாரணமாகப் பேசுகிற ஒருவர் நிமிடத்துக்கு 150 சொல் அளவில் பேசுவார். பழகிய ஸ்கிரீன் ரீடர் பயனர்கள் பலர் 300, 400 என்று கேட்பார்கள். இது பிறவித் திறமை அல்ல, பழக்கம். என்விடிஏயில் வேகத்துக்கு 0 முதல் 100 வரை அளவு உண்டு. நான் 50இல் தொடங்கி ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்று புள்ளி கூட்டினேன். ஒரு பந்தியைக் கேட்டுவிட்டு அதை என் சொல்லில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். சொல்ல முடிந்தால் அந்த வேகம் சரி. சொற்கள் காதில் விழுந்தும் விஷயம் பிடிபடாவிட்டால் இரண்டு புள்ளி இறக்குவேன். கேட்கிறது என்பதும் விளங்குகிறது என்பதும் ஒன்றல்ல.

மூன்றாவது சுருதியும் ஏற்ற இறக்கமும். உயர்ந்த சுருதி என்னைக் களைக்கச் செய்தது, அதனால் குறைத்தேன். ஏற்ற இறக்கத்தையும் குறைத்தேன். கணினி ஒவ்வொரு வாக்கியத்தையும் பாட்டு மாதிரி ஏற்றி இறக்கிச் சொல்லும்போது, அதிவேகத்தில் அந்த அசைவே சொல்லை மறைத்துவிடுகிறது. இது என் காதுக்கு. உங்கள் காது வேறு சொல்லலாம்.

நான்காவது நிறுத்தக்குறிகள். இதைப் பலர் தொட்டுப் பார்ப்பதே இல்லை. கோட் வாசிக்கும்போது ஒவ்வொரு அடைப்புக்குறியும், ஒவ்வொரு காற்புள்ளியும் எனக்குக் கேட்க வேண்டும், ஒன்று தவறினால் நிரல் ஓடாது. மின்னஞ்சலில் அதே அளவுக்குக் கேட்டால் பைத்தியம் பிடிக்கும். என்விடிஏ விசையோடு பி விசையை அழுத்தினால், எவ்வளவு குறி சொல்ல வேண்டும் என்ற அளவு ஒவ்வொன்றாக மாறும். அதையும் விடச் சுலபமான வழி, புரொஃபைல்கள். கோட் எழுதும் செயலிக்கு ஒரு புரொஃபைல், மின்னஞ்சலுக்கு ஒன்று. செயலியை மாற்றியவுடன் குரலும் வேகமும் குறிகளும் தாமாகவே மாறும். ஒரு ஆவணத்தை மேலிருந்து கீழ் தொடர்ச்சியாக வாசிக்கவிடும்போது மட்டும் வேலை செய்யும் புரொஃபைலும் வைக்கலாம். அதற்கு நான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறேன். மெனுவில் ஓடும்போது வேண்டிய வேகமும் கதை கேட்கும்போது வேண்டிய வேகமும் ஒன்றாக இருக்க முடியாது.

ஆறு கிழமை முடிந்தபோது என் வேகம் 68. தலையிடி போய்விட்டது. வேலை மாற்றம் பற்றி மேலாளர் பிறகு கேட்கவில்லை. இன்று 80இல் கேட்கிறேன். கூட்டங்களில் ஒரு காதில் மட்டும் இயர்போன், மற்றக் காது ஆட்களுக்கு.

இதெல்லாம் ஆங்கிலத்தில். தமிழ் எனக்குத் தனியாக ஒரு பரீட்சை வைத்தது.

அப்பா 1986இல் மொன்றியலில் வந்து இறங்கி, பிறகு குடும்பத்தோடு ஸ்காபரோவுக்கு மாறியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தன் ஊரான வேலணையைப் பற்றி எழுதத் தொடங்கினார். நூற்றி நாற்பது பக்கம். கோப்பை எனக்கு அனுப்பி, "ஆறுதலாய் வாசி பிள்ளை" என்றார். திறந்தேன். முதல் பக்கமே குப்பை ஒலியாக வந்தது. எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டபோது ஒரு சொல்லுக்கு "ஜே, கே, பீ, ஓ, செமிகோலன்" என்றது. கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. அந்தச் சொல் "தமிழ்". அப்பா தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். திரையில் தமிழ் தெரியும், கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகள். கண்ணுள்ளவருக்கு வித்தியாசமே தெரியாது. குரலுக்கு அது தமிழே இல்லை. எங்கள் ஊர்ச் சங்க மலர்கள், கோயில் அறிவித்தல்கள், கல்வெட்டுப் புத்தகங்கள் என்று எத்தனையோ இன்னும் இந்த எழுத்துருவில்தான் கிடக்கின்றன. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நூற்றி நாற்பது பக்கமும் சில விநாடிகளில் மாறின.

அடுத்தது தமிழ்க் குரல். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு. விண்டோஸில் வள்ளுவர் என்ற குரலைச் சேர்க்கலாம். நீண்ட வாசிப்புக்கு எனக்கு வள்ளுவர் பிடித்தது. ஆங்கிலத்தில் 80இல் ஓடும் நான் தமிழுக்கு 45க்கு இறங்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. தமிழில் ஒரு சொல்லுக்குள்ளேயே நிறைய அடுக்கியிருக்கும். "போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்" என்பது ஒரே சொல், ஆங்கிலத்தில் அது அரை வாக்கியம். வினைச்சொல்லும் கடைசியில்தான் வரும், அதுவரை எல்லாவற்றையும் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். போதாததற்கு, நாங்கள் ஒரு நாளில் தமிழ் கேட்கும் நேரம் எவ்வளவு? ஆகவே இரண்டு மொழிக்கும் ஒரே வேகம் வைத்துவிட்டு "எனக்குத் தமிழ் விளங்கவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். வேகத்தை இறக்கிவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.

பிறகுதான் வேடிக்கை. அப்பா எங்கள் ஊர் வழக்கப்படி எழுதுபவர். ரொறன்ரோ, ரெலிபோன், ரிக்கெற். ஆங்கில "டீ" எழுத்தின் ஓசைக்கு ரகரமும் றகரமும் எழுதுவது யாழ்ப்பாணத்தில் பழகிவந்த முறை. நாங்கள் அதைக் கண்டவுடன் சரியாக உச்சரிப்போம். இந்தியத் தமிழுக்காகச் செய்த குரலுக்கு அது தெரியாது. எழுதியிருக்கிறபடியே "ர" என்று வாசித்தது. "யாழ்." என்று புள்ளி வந்த இடத்தில் வாக்கியம் முடிந்துவிட்டதாக எண்ணி நின்றது. "கி.மீ." என்பது இரண்டு துண்டாக உடைந்தது.

இதற்கு என்விடிஏயில் பேச்சு அகராதி என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு பக்கத்தில் எழுத்தில் உள்ள வடிவம், மற்றப் பக்கத்தில் குரல் சொல்ல வேண்டிய வடிவம். "ரொறன்ரோ" வந்தால் "டொரண்டோ" என்று சொல். "ரெலிபோன்" வந்தால் "டெலிபோன்". "யாழ்." வந்தால் "யாழ்ப்பாணம்". இருபத்தேழு சொற்கள் சேர்த்தேன். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கோப்பில் ஒரு எழுத்தும் மாறவில்லை. அப்பாவின் எழுத்து அப்பாவின் எழுத்தாகவே இருக்கிறது. என் காதுக்கு வரும் ஒலி மட்டும் மாறுகிறது. ஐபோனிலும் வாய்ஸ்ஓவரின் பேச்சு அமைப்புக்குள் உச்சரிப்புகள் என்ற பகுதியில் இதைச் செய்யலாம்.

ஒருநாள் அப்பா பக்கத்தில் இருந்து கேட்டார். முதலில் என் ஆங்கில மின்னஞ்சல் ஓடியது.

"என்ன பிள்ளை இது, வண்டு இரையிற மாதிரிக் கிடக்கு."

பிறகு அவருடைய பக்கங்களைப் போட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"செய்தி வாசிக்கிறவர் மாதிரியெல்லோ வாசிக்குது. என்ரை கதையை இப்பிடியே கேக்கிறது? விடு, நானே வாசிச்சுக் காட்டுறன்."

"நீங்களும் வாசியுங்கோ அப்பா. ஆனால் எனக்கு ராவிலை தனிய இருந்தும் கேக்கவேணும். விளங்காத இடத்தைத் திருப்பிக் கேக்கவேணும்."

அவர் வாசித்தார். நல்லாகவே வாசித்தார். கிணற்றடி, பனங்காணி, படகுத்துறை என்று நாலைந்து பின்னேரங்கள் போயின. தன் தம்பியைப் பற்றிய அத்தியாயம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை நீ அதிலேயே கேள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். சித்தப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அன்றிரவு ஒன்பது பக்கத்தையும் வள்ளுவரின் குரலில் கேட்டேன். ஏற்ற இறக்கம் குறைந்த, அழாத குரல். நடந்ததை நடந்தபடி சொன்னது. இரண்டு இடத்தில் நிறுத்தி, திருப்பிக் கேட்டேன். அப்பா எழுதிய சொல் ஒவ்வொன்றும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உணர்ச்சியோடு பேசும் குரல் ஒன்றும் அன்றைக்கு எனக்குத் தேவைப்படவில்லை. உணர்ச்சி அந்த எழுத்திலேயே இருந்தது.

உங்களில் பலருக்குக் கண் நன்றாகத் தெரியும். அப்படியென்றால் இதெல்லாம் எதற்கு? முதலாவது, தமிழ் வாசிக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்கு. கணினியில் எட்ஜ் உலாவியின் சத்தமாக வாசிக்கும் வசதியில் நாலு நாட்டுத் தமிழ்க் குரல்கள் இருக்கின்றன: இந்தியாவுக்குப் பல்லவியும் வள்ளுவரும், இலங்கைக்குச் சரண்யாவும் குமாரும், சிங்கப்பூருக்கு வெண்பாவும் அன்பும், மலேசியாவுக்குக் கனியும் சூர்யாவும். எட்டையும் ஒரே பந்தியில் கேட்டுப் பாருங்கள். அம்மம்மா கதைப்பது போல இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எழுதியிருப்பதைத்தான் அவை வாசிக்கும். காது ஒத்துக்கொள்ளும் ஒன்றைத் தெரிந்து, வேகத்தைக் குறைத்து, எழுத்தையும் பார்த்துக்கொண்டே கேட்டால் வாசிப்பும் கூடவே வரும்.

இரண்டாவது, வீட்டுப் பெரியவர்களுக்கு. நீரிழிவாலோ வயதாலோ பார்வை மங்கிய அம்மம்மா, அப்பப்பா பலரின் கைத்தொலைபேசியை அமைத்துக் கொடுப்பது நீங்கள்தானே. அதை அறைக்குள் கொண்டுபோய் உங்கள் காதுக்குப் பிடித்தபடி அமைத்துக்கொண்டு வராதீர்கள். பக்கத்தில் இருந்து மூன்று குரலைப் போட்டுக் காட்டி, எது தெளிவு என்று அவர்களைக் கேளுங்கள். வயது போகப் போக உயர்ந்த சுருதி ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். அதனால் நீங்கள் இனிமை என்று நினைக்கும் மெல்லிய குரலை விடத் தாழ்ந்த குரல் அவர்களுக்கு வசதியாக இருக்கலாம். பேரப்பிள்ளையின் ஆங்கிலச் செய்தியும் மாமியின் தமிழ்ச் செய்தியும் மாறி மாறி வருமென்றால், இரண்டு மொழிக்கும் குரல் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்ஸ்ஓவரில் மொழியைத் தானாக அறியும் தெரிவு இருக்கிறது. எல்லாவற்றிலும் முக்கியம், வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களுக்கே பழக்கிவிடுங்கள். நீங்கள் வேலைக்குப் போன பிறகு அந்தக் குரலோடு இருக்கப்போவது அவர்கள்தான்.

மூன்றாவது, நீங்கள் தமிழில் எதையாவது வெளியிடும்போது. யூனிகோடில் எழுதுங்கள். அறிவித்தலைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் போடுங்கள். இணையத்தளம் செய்கிறவர்கள் பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் குறிப்பிடுங்கள். ஒரு வரி வேலை அது. அதைப் பார்த்துத்தான் பல ஸ்கிரீன் ரீடர்கள் குரலை மாற்றுகின்றன. குறிப்பிடாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழோடு மல்லுக்கட்டும், அல்லது ஒன்றுமே சொல்லாமல் தாண்டிப் போய்விடும்.

முயன்று பார்க்க விரும்பினால் ஒரு எச்சரிக்கை. கைத்தொலைபேசியில் வாய்ஸ்ஓவரையோ டாக்பேக்கையோ போட்டவுடன் தொடுகை முறை மாறிவிடும். ஒரு தடவை தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும். அதனால் அதை நிறுத்துவதற்கான குறுக்குவழியை முதலில் அமைத்துக்கொண்டு, ஒரு விடுமுறை நாளில் ஆறுதலாகத் தொடங்குங்கள். பத்து நிமிடம் கேளுங்கள், கேட்டதை யாருக்காவது சொல்லிப் பாருங்கள், பிறகு ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி இன்னொரு பத்து நிமிடம் கேளுங்கள். மூன்று நாலு நாள் இப்படிச் செய்தால் உங்கள் காது தனக்கு எது வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிடும்.